கிராம் கணக்கு

ஓர்த்தா தபால் நிலையம், இரண்டாம் கவுன்ட்டர்.
பதினேழு வருடமாக
அடுத்தவர் சொற்களை எடைபோட்டு
முத்திரை குத்துகிறவள் நான்.
ஒன்றையும் பிரித்துப் பார்த்ததில்லை.

என் முதல் நாவல்
ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.
மதிய இடைவேளையில் வெளியே சுற்றி வந்து
வரிசையில் நின்றேன்.
பக்கத்து இருக்கை ஒஸ்வால்தோ
என்னை முன்பின் தெரியாதவன் முகத்தோடு
"எங்கே போகணும்?" என்றான்.
"லிஸ்பன்."
"உள்ளே உடையக்கூடியது ஏதாவது?"
விதிப்படி கேட்டாக வேண்டிய கேள்வி.
"காகிதம்தான்" என்றேன்.

மற்றவர்களுக்குக் கெட்ட செய்தி
கதவைத் தட்டிவிட்டு வரும்.
எனக்கு நானே தபால்காரி.
காலை விமானத்தின் சாக்கைக் கவிழ்த்தால்
மின்கட்டண உறைகளுக்கு நடுவே
என் பெயர் என் கையிலேயே விழும்.
"உங்கள் படைப்பு எங்கள் பட்டியலுக்கு..."
மீதியை வாசிக்கவில்லை.
அன்று முத்திரை
ஊரார் கடிதம் எல்லாவற்றிலும்
கொஞ்சம் ஓங்கித்தான் விழுந்தது.

லிஸ்பன், போர்த்தோ, கோய்ம்ப்ரா,
மறுபடியும் லிஸ்பன்.
சுவரில் எறிந்த பந்து.
விடிகாலை நாலரைக்குச் சமையலறை மேசையில்
ரொட்டித்தூளை ஒதுக்கிவிட்டு உட்காருவேன்.
ஜன்னலுக்கு எதிரே, கடலுக்கு அப்பால்,
பிக்கோ மலை சில நாள் இருக்கும்.
சில நாள் மேகம் முழுசாக விழுங்கியிருக்கும்.
இருக்கிறது என்று நம்பித்தான்
அந்தத் திசையைப் பார்த்து எழுதினேன்.

பிராகாவிலிருந்து ஓர் உறை.
கிராசா வில்யேனா என்றொருத்தி,
கையெழுத்தில், பச்சை மையில்:
"தொண்ணூறு பக்கமாக உங்கள் கதை
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.
சாம்பல் விழும் பக்கத்தில்தான்
வாசலைத் தாண்டுகிறது.
அங்கிருந்து தொடங்கி அனுப்புங்கள்."

மூன்று வாரம் அவளைத் திட்டினேன்,
பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது.

பிறகு வெட்டினேன்.
கல்யாண அத்தியாயம் போனது.
பாதிரியார் போனார், அவர் கழுதையோடு.
என் கணவன் குவால்தேர்
கண் கலங்கிய ஒரே பக்கமும் போனது.
வெட்டுண்ட தாள்களின் முதுகில்
மகன் கப்பல் வரைந்தான்.
எஞ்சி நின்றவள்
விளக்குக்காரனின் மனைவி மட்டும்.
எரிமலை பொழியும் சாம்பலில்
கலங்கரை விளக்கம் இடுப்பளவு புதைந்த பிறகும்
ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பவள்.
அறுநூற்று நாற்பது கிராம்.
ஒஸ்வால்தோ தராசைப் பார்த்துவிட்டு
"இளைத்துவிட்டதே" என்றான்.

முன்பணம்,
ஒரு சலவை இயந்திரத்தின் முக்கால் விலை.
முந்நூறு பிரதி.
பெட்டியைப் பிரித்தால்
அட்டையில் என் பெயர் தெலிந்தா.
தெயோலிந்தாவிலிருந்து ஓர் எழுத்து
வரும் வழியில் தொலைந்திருந்தது.
தொலைந்த பொருளுக்கு நிரப்பும் படிவம்
என் மேசையின் மூன்றாம் இழுப்பறையில்தான் இருக்கிறது.
"பேனாவால் சேர்த்துவிடலாமே" என்றான் குவால்தேர்.
முந்நூற்றிலுமா?

நூலகத்தில் வெளியீடு.
இருபது நாற்காலி, பதினொரு பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஒருவர் கடைசிவரை குடையை மடக்கவில்லை.

போன செவ்வாய்,
பிக்கோவிலிருந்து படகில் வந்த ஒரு பெண்,
தலைமுடி முழுக்கக் காற்று.
ஃபால் ரிவரில் இருக்கும் தங்கைக்கு
ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டும்.
வாய் இன்னும் ஒட்டவில்லை.
உள்ளே தெரிந்தது
எழுத்து தொலைந்த என் பெயர்.
ஒட்டுவதற்கு முன்
வெளியே எடுத்தாள்,
கடைசிக்கு முந்தைய பக்கத்தை
நின்றபடி ஒரு முறை வாசித்தாள்,
திரும்ப வைத்தாள்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.
"உள்ளே உடையக்கூடியது ஏதாவது?"
"இல்லைங்க. புத்தகம்தான்."

முந்நூற்று நாற்பது கிராம், உறையோடு.
முத்திரையை
ஈர மையில் அழுத்தி
மெதுவாக வைத்தேன்.
பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.
அடுத்து யார்?